கேத்தரின் யேல்: ஐகோர்ட் கல்லறையும் அதைச் சுற்றிய வதந்திகளும்

மண்ணடி, ஜனவரி 6

ஐகோர்ட் வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரிப் பக்கம் கூராக நிற்கிற கல்லறை மெட்ராஸ் கவர்னராக இருந்த யேல் துரையின் மனைவிக்குக் கட்டியது என்று சொல்லித்தான் எங்கள் பக்கம் காட்டுவார்கள். மகன் போனதும் அந்த அம்மாள் அறைக்குள் அடைந்துவிட்டார், யார் முகத்தையும் பார்க்கவில்லை, துரை வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு இவரைக் கோட்டைக்குள் பூட்டிவைத்தார், கடைசியில் உயிலில் 'பொல்லாத மனைவி' என்று எழுதிவிட்டுச் செத்தார். இதுதான் கதை. அமெரிக்காவில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த அதே யேல். இதில் எவ்வளவு நிஜம்?

ஏழுகிணறு, ஜனவரி 6

கல்லறை அவருடையது இல்லை. அதில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கேத்தரினின் முதல் கணவர், 1680-ல் இறந்தவர். இன்னொன்று டேவிட் யேல், கேத்தரினுக்கும் எலிஹு யேலுக்கும் பிறந்த மகன், நான்கு வயது நிரம்பாத குழந்தை. முதல் கணவனின் கல்லறையிலேயே இரண்டாம் கணவனின் பிள்ளையைப் புதைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவானவர் கேத்தரின் ஒருவர்தான். அதனால் பார்க்கிறவர்களுக்கு அது 'அந்த அம்மாள் கல்லறை' என்று மனதில் பதிந்துவிடுகிறது. அவர் 1689-லேயே இங்கிலாந்து போய்விட்டார், 1728-ல் அங்கேயே இறந்தார்.

பூட்டிவைத்த கதை இந்த ஒரு தேதியிலேயே விழுகிறது. யேல் இங்கிருந்து கிளம்பியது 1699-ல். நடுவில் பத்து வருஷம் அந்த அம்மாள் இந்த ஊரிலேயே இல்லை.

ராயபுரம், ஜனவரி 7

அண்ணே, இன்னொரு சந்தேகம். மகன் 1687 ஜனவரியில் இறந்தான் என்று ஒரு இடத்தில், 1688 ஜனவரியில் என்று இன்னொரு இடத்தில். 1687 என்றால் யேல் கவர்னர் ஆவதற்கு முன்பே பிள்ளை போய்விட்டது. அந்த துக்கத்தில்தான் பதவியைப் பிடித்துக்கொண்டு கொடூரமாக மாறினார் என்று எழுதியிருந்தார்கள்.

ஏழுகிணறு, ஜனவரி 7

தம்பி, இந்தக் கதையில் பாதிக் குழப்பத்துக்கு வேர் இதுதான். நிதானமாகப் பார்ப்போம்.

அந்தக் காலத்து ஆங்கிலேயருக்குச் சட்டப்படி வருஷப் பிறப்பு ஜனவரி 1 இல்லை, மார்ச் 25. டிசம்பர் 31 முடிந்து ஜனவரி வந்தாலும் வருஷ எண் மாறாது. மார்ச் 24 வரை பழைய எண்தான். இங்கிலாந்து இதை விட்டது 1752-ல். ஆகவே 1752-க்கு முந்தைய ஆங்கிலப் பதிவு எதுவாக இருந்தாலும் முதலில் மாதத்தைப் பாருங்கள். மார்ச் 25-ல் இருந்து டிசம்பர் வரை என்றால் வருஷத்தைத் தொட வேண்டாம். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை என்றால் வருஷத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். கவனமாக எழுதுகிறவர்கள் 1687/8 என்று சாய்கோடு போட்டு எழுதுவார்கள். அந்தக் கோடு இருந்தால் யாரோ ஏற்கெனவே கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், நீங்கள் மறுபடி கூட்டக் கூடாது. இரண்டு முறை கூட்டி 1689 ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு.

நாள் எண்ணும் மாறும். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டி இன்றைய கணக்குக்குப் பத்து நாள் பின்தங்கியிருந்தது. டேவிட் இறந்த 1687 ஜனவரி 25 என்பது இன்றைய கணக்கில் 1688 பிப்ரவரி 4.

இப்போது யேல் கவர்னர் ஆன தேதியைப் பக்கத்தில் வையுங்கள்: 1687 ஜூலை. அதில் மாற்றம் இல்லை. ஆக, பிள்ளை இறந்தது பதவிக்கு ஆறு மாதம் முன்னால் இல்லை, பதவி கிடைத்து ஆறு மாதம் கழித்து. துக்கத்தில் பதவியைப் பிடித்தார் என்பது நாட்காட்டி தெரியாததால் பிறந்த கதை.

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டது 1678 மார்ச் 25. மாதாவுக்கு தேவதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள் அது, அதனால்தான் அந்தப் பெயர். அதே நாள்தான் அவர்களுக்கு வருஷப் பிறப்பும். 1678 பிறந்த அன்றைக்கே கல் வைத்திருக்கிறார்கள். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு மறக்காது.

மண்ணடி, ஜனவரி 9

முதல் கணவர் இறந்து ஆறு மாதத்துக்குள் மறுமணம். இதை வைத்துத்தான் 'முன்னமே தொடர்பு இருந்தது' என்கிறார்கள்.

ஏழுகிணறு, ஜனவரி 9

ஹின்மர்ஸ் இறந்தது 1680 மே. திருமணம் அதே வருஷம் நவம்பர் 4. தேவாலயத்தை அர்ப்பணம் செய்தது அக்டோபர் 28. ஆக ஒரு வாரம் கழித்து நடந்த கல்யாணம், அந்தத் தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம். பெண்ணைக் கைபிடித்துக் கொடுத்தவர் அப்போதைய கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர். மறைத்துச் செய்த கல்யாணம் என்றால் கவர்னர் வந்து முன்னால் நிற்க மாட்டார்.

நம் வழக்கத்தில் ஆறு மாதம் என்றால் புருவம் உயரும், வருஷ திவசம்கூட முடிந்திருக்காது. கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர் நிலைமை வேறு. ஆள் குறைவு, பெண்கள் அதிலும் குறைவு, காய்ச்சலில் சாவு அடிக்கடி. குழந்தைகளோடு விதவையான ஒருத்தி சொத்தைக் காக்கவும் கடனை வசூலிக்கவும் ஒரு ஆண் வேண்டும். ஊருக்குத் திரும்பலாம் என்றால் கப்பல் எல்லா மாதமும் கிடையாது. மறுமணம் சீக்கிரம் நடப்பது அங்கே வாடிக்கை.

பணத்தையும் பார்க்க வேண்டும். யேல் 1672-ல் வந்தது வருஷத்துக்குப் பத்து பவுண்டு சம்பளத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக. ஹின்மர்ஸ் கவுன்சிலில் மேல்நிலையில் இருந்தவர், வசதியானவர். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணம் ஆனதும் மனைவியின் ரொக்கம், நகை, சரக்கு, வரவேண்டிய கடன் எல்லாம் கணவன் கைக்குப் போய்விடும். அவள் பெயரில் தனியாக ஒப்பந்தம் போட முடியாது, வழக்குப் போட முடியாது. 1882-ல் வந்த சட்டம்தான் அதை முழுதாக மாற்றியது. யேலின் தனி வியாபாரத்துக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்த விதவையின் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கள்ளத்தொடர்பு என்று பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை. எனக்கு அது நெருடுகிறது.

ராயபுரம், ஜனவரி 10

சென்னையின் முதல் ஆங்கிலேயக் கல்யாணம் அதுதானா?

ஏழுகிணறு, ஜனவரி 10

இல்லை. அந்தத் தேவாலயப் பதிவேட்டின் முதல் கல்யாணம். கோட்டைக்கான இடம் கைக்கு வந்தது 1639-ல். நாற்பது வருஷம் யாரும் கல்யாணம் செய்யாமல் இருந்திருப்பார்களா?

காலடிப்பேட்டை, ஜனவரி 12

பின்னால் யேல் பல்கலைக்கழகமான அமெரிக்கக் கல்லூரிக்கு யேல் அனுப்பிய துணி மூட்டைகள் எங்கள் பேட்டையில் நெய்தவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த அம்மாள்தான் துணி தேர்ந்தெடுத்தாராம்.

ஏழுகிணறு, ஜனவரி 12

ஐயா, அந்த மூட்டைக் கணக்கு நன்றாகத் தெரிந்தது. 1718-ல், லண்டனில் இருந்து, ஒன்பது மூட்டை சரக்கு, 417 புத்தகம், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று. சரக்கை விற்று வந்தது 562 பவுண்டு 12 ஷில்லிங். உங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்த ஜோசப் காலட் கவர்னராக இருந்தது 1717-ல் இருந்து 1720 வரை. யேல் மெட்ராஸை விட்டே அப்போது இருபது வருஷம் ஆகப்போகிறது. பேட்டைக்குப் பெருமை சேர்க்க அவர் தேவையில்லை. நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய ஊர் என்பதே போதும்.

ஏழுகிணறு, ஜனவரி 13

கப்பல் ஏறியதைப் பற்றி நான் முதலில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். அது போதாது. 1689-ல் ஒரு பெண் சின்னப் பெண்பிள்ளைகளோடு இங்கிருந்து கிளம்புவது என்றால் என்ன என்று தெரிந்தால்தான் 'கோபித்துக்கொண்டு ஓடிவிட்டார்' என்ற பேச்சை எடைபோட முடியும்.

துறைமுகம் கிடையாது. இன்றைய துறைமுகம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அதுவரை கப்பல் அலைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் போக வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. ஆணி அடித்த படகு கரையலையில் தரை தட்டினால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும், தையல் வழியாகத் தண்ணீர் கசியும், ஒருவர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை ஏறி இறங்கும் கணக்கு நம் கரையோரத்து ஆட்களுக்குத்தான் தெரியும். துடுப்பு பிசகிப் படகு அலைக்குக் குறுக்கே திரும்பினால் கவிழ்ந்துவிடும். இன்றைக்கும் காசிமேட்டுக்காரர்களிடம் கேட்டால் இந்தக் கரையலையைப் பற்றிச் சொல்வார்கள்.

அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் வரை புயலுக்குப் பயந்து கப்பல்கள் இந்தக் கரையை விட்டு விலகிவிடும். ஊர் திரும்பும் கப்பல் பெரும்பாலும் தை, மாசி வாக்கில் கிளம்பும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போய்ச் சேர ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல். கோபம் வந்து மறுநாள் கிளம்புகிற பயணம் இல்லை இது. இடம் பேச வேண்டும், தண்ணீர், தானியம், ஆடு, கோழி ஏற்ற வேண்டும், வேலையாட்களைச் சேர்க்க வேண்டும். கவர்னரின் மனைவி கவர்னருக்குத் தெரியாமல் கப்பலேறியிருக்க வழியே இல்லை.

மூன்று பெண்கள்: கேத்தரின், ஆன், அர்சுலா. கல்யாணமே 1680 நவம்பரில் என்பதால், 1689-ல் மூத்தவளுக்கு எட்டு வயதைத் தாண்டியிருக்காது. ஒரு கணவனையும் ஒரு மகனையும் ஒரே குழியில் வைத்த ஊரில் இருந்து மீதிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

மண்ணடி, ஜனவரி 13

அந்த இன்னொரு பெண்?

ஏழுகிணறு, ஜனவரி 14

ஹீரோனிமா டி பைவா. போர்ச்சுகீசிய வழி யூதர். கணவர் வைர வியாபாரி, 1687-ல் இறந்தார். உங்கள் மண்ணடியில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, அந்தப் பெயர் இவர்களைப் போன்ற யூத வியாபாரிகளால் வந்தது. மத்தியதரைக் கடல் பவளத்தை இங்கே இறக்குவார்கள், கோல்கொண்டா வைரத்தை அங்கே ஏற்றுவார்கள். கணவர் போனபின் ஹீரோனிமா யேலோடு வாழ்ந்தார், ஒரு மகன் பிறந்தான், அவன் பின்னால் தென்னாப்பிரிக்காவில் இளம் வயதிலேயே இறந்துபோனான். இந்த உறவு வதந்தி இல்லை.

ஆனால் வரிசை தெரியாமல் காரணம் சொல்லக் கூடாது. 1687-ல் டி பைவா இறப்பு, 1688 தொடக்கத்தில் டேவிட் இறப்பு, 1689-ல் கேத்தரின் கிளம்பியது. உறவு கேத்தரின் போவதற்கு முன் தொடங்கியதா, போனபின் தொடங்கியதா என்பதை இந்த மூன்று தேதியும் சொல்லாது. 'அதனால்தான் போனார்' என்று அடித்துச் சொல்கிறவர்கள் தேதிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைத் தங்கள் ஊகத்தால் நிரப்புகிறார்கள்.

ஏழுகிணறு, ஜனவரி 14, இரவு

நேற்று எழுதியதை மறுபடி படித்தேன். 'வேறு காரணம் தேட வேண்டுமா' என்று நான் கேட்டதும் அதே தப்புதான். துக்கம் என்ற ஊகத்தால் நானும் இடைவெளியை நிரப்பிவிட்டேன். பிள்ளைகளின் உடல்நலம், படிப்பு, கணவனின் போக்கு, மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். கப்பல் விவரம் நிற்கும்.

பத்து வருஷம் கணவன் பின்னாலேயே வராததற்கு மட்டும் ஒரு காரணம் கையில் இருக்கிறது. 1692-ல் யேலைப் பதவியில் இருந்து இறக்கினார்கள். அவர் மேல் கணக்கு வழக்கு, கோரிக்கை, விசாரணை. அது தீரும்வரை ஊரை விட்டுப் போக விடவில்லை. அந்தப் பிரிவில் பாதிக்கு மேல் கம்பெனி போட்ட பிரிவு.

ராயபுரம், ஜனவரி 15

இன்னொரு பெண்ணும் யேலின் தோட்ட வீட்டில் இருந்தாள், அவள் பெயரும் கேத்தரின் என்று படித்தேன். மனைவியே வேறு வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார் என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஏழுகிணறு, ஜனவரி 15

நல்ல வேளை கேட்டீர்கள். அது கேத்தரின் நிக்ஸ். ஜான் நிக்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் மனைவி, வியாபாரத்தில் தானே இறங்கியவர். யேலின் மனைவி கேத்தரின், மூத்த மகள் கேத்தரின், இவர் கேத்தரின். பழைய ஆவணத்தில் பெயரை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணக் கூடாது. குடும்பப் பெயர், கணவன் பெயர், தேதி மூன்றும் பொருந்த வேண்டும். 1689-க்குப் பின் மெட்ராஸில் ஒரு கேத்தரின் நடமாடினால் அவர் யேலின் மனைவி இல்லை. ஒதுங்கி வாழ்ந்த மனைவி என்ற படத்தில் ஒரு பகுதி இந்த மூன்று பெயர் கலந்ததால் வந்தது.

காலடிப்பேட்டை, ஜனவரி 17

கடலூர் செயின்ட் டேவிட் கோட்டை அந்தப் பையன் பெயர்தானே? தாய் கேட்டுக்கொண்டதால் வைத்தது என்பார்கள்.

ஏழுகிணறு, ஜனவரி 17

தேவனாம்பட்டினத்தை மராட்டியரிடம் வாங்கியது 1690-ல். பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை ஊர் நமக்கு என்று பேசி, சுட்டு, குண்டு விழுந்த கிராமங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1690-ல் தாய் இங்கே இல்லை. அவர் கேட்டு வைத்தது என்பது அத்தோடு போயிற்று. டேவிட் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர், யேல் குடும்பம் வேல்ஸைச் சேர்ந்தது. அந்தப் புனிதரின் பெயர் என்பது நேரான விளக்கம். பெயர் வைக்கும்போது அந்தத் தகப்பன் மனதில் பிள்ளையும் இருந்தானா என்பதை எந்த ஆவணமும் காட்டாது.

மண்ணடி, ஜனவரி 19

உயில் மட்டும் பாக்கி.

ஏழுகிணறு, ஜனவரி 20

'என் பொல்லாத மனைவிக்கு' என்று எழுதி அப்புறம் வெற்றிடம் விட்டிருந்தது என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது கையெழுத்தாகாத வரைவு. யேல் 1721 ஜூலை 8-ல் செல்லுபடியாகும் உயில் இல்லாமல் இறந்தார். இந்த வரியைக் கேத்தரினின் குணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை. ஒரு கணவனின் ஒரு நாள் கோபத்துக்குச் சான்று, அவ்வளவுதான்.

சட்டம் என்ன செய்யும் என்றும் பாருங்கள். உயில் இல்லாமல் போனால் 1670-ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால், அசையும் சொத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. வெற்றிடம் விட்டு அவளை வெறுங்கையோடு அனுப்பினார் என்று சொல்லும்போது, கையெழுத்துப் போடாமல் விட்டதால் சட்டம் என்ன கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏழுகிணறு, ஜனவரி 21

ஒதுங்கி வாழ்ந்தவரா என்ற முதல் கேள்விக்கு வருகிறேன். கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகள் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள், வந்த கப்பல், கடன், தண்டனை, சம்பளம் பற்றியவை. மனைவி அதில் வர வேண்டுமானால் சொத்துத் தகராறிலோ பயணத்திலோ வர வேண்டும். கோட்டையில் தினமும் நூறு பேருக்கு முகம் காட்டிய பெண்ணும் அந்த ஏட்டில் இருக்க மாட்டாள். ஏட்டில் இல்லாததால் அறைக்குள் இருந்தாள் என்று முடிவு கட்டுவது தவறு. 1688 செப்டம்பர் 29-ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியது, யேல் கவர்னராக இருந்தபோது. அன்று பதவியேற்றவர்கள் பெயர் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்று ஒரு வரி கிடையாது.

லண்டனில் வரைந்த குழு ஓவியம் ஒன்றும் இருக்கிறது. மேசையைச் சுற்றி யேலும் மற்ற ஆண்களும், பக்கத்தில் கழுத்தில் உலோகப் பட்டை பூட்டிய ஒரு அடிமைச் சிறுவன். கேத்தரின் இல்லை. அந்தச் சிறுவனுக்கோ பெயரே இல்லை. யேல் காலத்து மெட்ராஸில் இருந்து அடிமைகளைக் கப்பலேற்றினார்கள், பஞ்சத்தில் விற்கப்பட்டவர்கள் அதில் உண்டு. மனைவியைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் அந்தக் கப்பல்களில் போன நம் ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு வதந்திகூடச் சேர்த்து வைக்கவில்லை. இது என்னை விடாமல் உறுத்துகிறது.

வேல்ஸில் உள்ள ரெக்ஸ்ஹாமில் யேலின் கல்லறைக் கவிதை அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணம் செய்து, ஆசியாவில் மணம் முடித்தவர் என்று சொல்கிறது. அந்த ஆசியா நம் கோட்டைதான். மணந்தது யாரை என்று அந்த வரியில் இல்லை.

ராயபுரம், ஜனவரி 22

மற்றக் கல்லறைகள் எல்லாம் எங்கே போயின? இது ஏன் தனியாக நிற்கிறது?

ஏழுகிணறு, ஜனவரி 22

அந்த இடம் அப்போது கறுப்பர் பட்டணத்தின் ஓரம், ஆங்கிலேயர் இடுகாடு. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுக்காரர்கள் கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்து சுட்டார்கள். அதன்பின் இடுகாட்டை அழித்து, கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைத் தேவாலய முற்றத்தில் பதித்தார்கள். நடக்கும்போது நம் காலடியில் வருவது அவைதான். பழைய பட்டணத்தையும் இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயில் அங்கிருந்து போய்த்தான் பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் வந்தது. இடித்து உண்டாக்கிய வெட்டவெளி எதுவரை என்று 1773-ல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. இவ்வளவும் இடம் மாறியபோது ஹின்மர்ஸ் கல்லறை மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

இப்போது அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம். சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு அது இடைஞ்சல் என்று வழக்குப் போய், வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்கே வைத்தாலும் இரண்டு பெயரையும் பிரிக்காமல் வைக்க வேண்டும். அந்தக் கல்லின் பொருளே அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

மண்ணடி, ஜனவரி 24

நாளைக்கு ஜனவரி 25. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறேன். என்ன சொல்லிக் காட்டட்டும்?

ஏழுகிணறு, ஜனவரி 24

ஜோசப் ஹின்மர்ஸ், 1680. டேவிட் யேல், 1688. அவருக்கு மனைவி, இவனுக்கு அம்மா, கேத்தரின். அவர் இங்கே இல்லை, அடுத்த வருஷம் தங்கச்சி அக்காமார்களோடு படகேறிப் போய்விட்டார் என்று சொல்லுங்கள்.

ஏழுகிணறு, ஜனவரி 24

மேலே ஒரு திருத்தம்: 'தங்கச்சி அக்காமார்' வேண்டாம், டேவிட்டுக்கு யார் மூத்தவர் யார் இளையவர் என்று பிரிக்காமல் 'மூன்று பெண்களோடு' என்றே சொல்லுங்கள்.